மாதிரி எண்ணிக்கையை வைத்து வெற்றியாளரை எழுதலாமா?

சிங்கப்பூர்த் தேர்தல் இரவில் மாதிரி வாக்கு எண்ணிக்கை வந்தவுடனே விக்கிப்பீடியாவில் வெற்றியாளரை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அது ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் 100 வாக்குச்சீட்டுகளை மட்டும் எடுத்துச் செய்யும் கணிப்பு. 4 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை கூடலாம், குறையலாம். தேர்தல் அதிகாரி அறிவிப்பதே முடிவு.

2011 அதிபர் தேர்தலைப் பாருங்கள். வென்ற டோனி டானுக்கு 35.20 விழுக்காடு, அடுத்து வந்த டான் செங் போக்குக்கு 34.85, வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டன. இவ்வளவு சிறிய வேறுபாட்டை மாதிரி எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. முடிவு வந்த பிறகும் சொற்களில் கவனம் வேண்டும். இந்த வெற்றியை ‘மயிரிழையில் தப்பினார்’ என்று எழுதினால் எழுதுபவரின் சாய்வு உடனே தெரிந்துவிடும். ‘மக்களின் தெளிவான தேர்வு’ என்பதும் அப்படித்தான். வேறுபாடு 7,382 வாக்குகள் என்று எழுதினால் போதும், வாசகர் எடைபோட்டுக்கொள்வார். விமர்சனத்தைச் சேர்ப்பதென்றால் சொன்னவர் பெயரும் நாளிதழ்ச் சான்றும் கட்டாயம் வேண்டும். நான் முதலில் சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசில் தேடுவேன். தமிழ்க் கட்டுரைக்குத் தமிழ்ச் சான்று இருக்கும்போது அதை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.