மன்னார்குடிக்கு ஏழு கிலோமீட்டர்: உங்களுக்கு டீசல் கார் எதற்கு?

கேள்வி: மன்னார்குடியிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே எங்கள் கிராமம். எட்டு ஏக்கர் சாகுபடி. 2014-ல் வாங்கிய டீசல் டிசையர் வைத்திருக்கிறேன். 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மன்னார்குடி போய்வருவேன். மாதம் ஒருமுறை தஞ்சாவூர் மருத்துவமனை, ஆண்டுக்கு நான்கு முறை சென்னையில் மகன் வீடு. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய டீசல் கார் எடுக்க நினைக்கிறேன். பெட்ரோல்தான் வாங்க வேண்டும் என்கிறான் மகன். டெல்லியிலிருந்து வந்த டீசல் வண்டி ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார் மைத்துனர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கடிதத்தைப் படித்ததும் என் கண் நின்ற இடம் அந்த ஏழு கிலோமீட்டர். வாய்க்கால் கரைச் சாலையில், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கி நின்று, மூன்றாம் கியரிலேயே ஊர்ந்து மன்னார்குடி சேர்வீர்கள். டீசல் இன்ஜின் நன்றாகச் சூடேறி நிதானத்துக்கு வரும் நேரத்தில் நீங்கள் உரக்கடை வாசலில் சாவியை உருவியிருப்பீர்கள். இப்போது வரும் டீசல் காருக்கு இதைவிடக் கெட்ட பிழைப்பு கிடையாது. எனவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய டீசல் வேண்டாம். கையில் இருப்பதை விற்கவும் வேண்டாம்.

டீசல் மேல் நம் பக்கத்தாருக்கு உள்ள பாசம் எனக்கும் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் நாற்றங்காலைக் காப்பாற்றியது ஆயில் இன்ஜின்தானே. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அன்று பெட்ரோல் கார் வாங்கியவரை ஊரே விசாரித்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கியது. இன்று வித்தியாசம் எட்டு, ஒன்பது ரூபாய். நாகப்பட்டினம், தரங்கம்பாடிக்காரர்கள் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்து நிரப்பி இன்னும் சில ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். மன்னார்குடியிலிருந்து அதற்கென்று கிளம்பினால் மிச்சம் வழியிலேயே எரிந்துவிடும்.

உங்கள் ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன். மன்னார்குடி நடை ஆண்டுக்கு 3,500 கிலோமீட்டர். சென்னைக்கு நான்கு முறை, போக வர 650 வீதம் 2,600. தஞ்சாவூருக்கு 960. கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று ஒரு 1,500. மொத்தம் எட்டரை ஆயிரம்.

ஒரே காரின் பெட்ரோல் வகை 9.5 லட்சம், டீசல் வகை 10.75 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றேகால் லட்சம்தான் கூடுதல் என்பார் ஷோரூம்காரர். ஆயுள் வரியைப் பற்றி அவர் வாய் திறப்பது பில் போடும்போதுதான். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். முதல் காருக்கு வரி 1,23,500 ரூபாய், இரண்டாவதற்கு 1,93,500. ஆக, டீசலுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 1,95,000 ரூபாய்.

இதை எப்போது மீட்பீர்கள்? நம் சாலைகளில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14, டீசல் 19 கொடுக்கிறது என்போம். பெட்ரோல் 101, டீசல் 93 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு முறையே 7.20, 4.90 ஆகிறது. மிச்சம் 2.30. டீசலுக்கு ஃபில்டர், கூடுதல் ஆயில், சர்வீஸ் என்று 40 காசு கழித்தால் 1.90. அந்த 1,95,000 திரும்பி வர ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு. இரண்டு வகையும் 10 லட்சத்துக்குள் அடங்கினாலும் எட்டரை ஆண்டுக்குக் குறையாது. கடனில் எடுத்தால் வட்டி தனி.

பணம் போனால் போகிறது என்பவருக்கும் அடுத்த விஷயம் தப்பாது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் வண்டியைச் செய்த மாருதி அத்தோடு டீசல் காரையே கைவிட்டது. சின்ன காரில் புதிய புகைச் சாதனங்களைச் சேர்த்தால் விலை கட்டாது. டாடா, மஹிந்திரா, ஹூண்டாய், கியா, டொயோட்டா போன்றவர்கள் தொடர்ந்தார்கள். உங்கள் டிசையரை வைத்து இன்றைய டீசலை எடைபோடாதீர்கள். எரிபொருள் ஒன்றுதான், குணம் வேறு.

டி.பி.எஃப். என்று பட்டறையில் சொல்வோம். இன்ஜினை ஒட்டிப் புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் தேன்கூடு போன்ற வடிகட்டி அது. புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறைந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, புகையின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி அதை எரித்துவிடும். இதற்கு வண்டி 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் நிற்காமல் பதினைந்து, இருபது நிமிடம் ஓட வேண்டும். நடுவில் அணைத்தால் எரிப்பும் நடுவில் நிற்கும். பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். அளவுக் கோலை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் போன மாதத்தைவிட ஏறியிருக்கும். ஆயில் குறையவே இல்லை என்று பெருமையாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டும் டர்போவின் பேரிங் அவர்கள் வண்டியில் நீர்த்த ஆயிலால் தேய்ந்துகொண்டிருந்தது.

போன குறுவை அறுவடையின்போது ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். வீட்டுக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்கும் நான்கு கிலோமீட்டர். நாளுக்கு ஐந்து நடை. வடிகட்டியில் கரி நிறைந்ததைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மூட்டை எடை போட்டு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார். வண்டி 40-க்கு மேல் போக மறுத்துவிட்டது. விளக்கு எரிந்த அன்றே வல்லத்திலிருந்து துவாக்குடி வரை நாற்கரச் சாலையில் நான்காம் கியரில் 70-ல் போய்த் திரும்பியிருந்தால் தானாகச் சரியாகியிருக்கும். பத்து நாள் கழித்து அந்த வைத்தியம் பலிக்காது. கருவியை மாட்டிக் கட்டாய எரிப்பு செய்து, ஆயிலையும் மாற்றி அனுப்பினோம். அவருக்கு அதோடு போயிற்று. வடிகட்டியையே மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தைத் தொடும் வண்டிகள் உண்டு.

அதைக் கழற்றிக் குடைந்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. நான் செய்வதில்லை. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-லேயே சேர்த்துவிட்டது. பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள்.

வடிகட்டியில் கரி எரியும் சூட்டோடு ஒட்டிய ஆபத்து ஒன்று நம் ஊருக்கே உரியது. அறுவடைக் காலத்தில் சாலை நெடுக நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. எரிப்பு நடக்கும் வண்டியை வைக்கோல் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கக்கூடும். சக்கர அச்சில் வைக்கோல் சுற்றிக்கொண்டு ஓடினாலும் அதே கதை. பெட்ரோல் காரின் புகைக்குழாயும் சுடும்; டீசல் எரிப்பு நேரத்தில் சுடுவது அதைத் தாண்டியது. களத்துமேட்டில் வெறும் தரை பார்த்து நிறுத்துங்கள்.

சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலுக்குத் தனித் தொட்டி இருக்கும். 32.5 சதவீதம் யூரியா, மீதி தூய நீர். வீட்டில்தான் 45 கிலோ மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோமே, ஒரு படி கரைத்து ஊற்றினால் என்ன என்று நம் ஆட்களில் ஒருவருக்காவது தோன்றாமல் இருக்காது. கேட்டும்விட்டார்கள். வயலுக்கு வரும் யூரியா 2015-லிருந்து முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும் உரத்தில் உள்ள மற்ற கசடுகளும் புகைச் சுத்திகரிப்பு அமைப்பை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். மானிய உரத்தை இப்படித் திருப்புவது குற்றமும்கூட.

ஆயில் இன்ஜினுக்கு வாங்கிய கேன் டீசலைக் காருக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஆயில் இன்ஜின் எதையும் குடிக்கும். கார் இன்ஜெக்டருக்குள் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் பாய்கிறது, ஏறத்தாழ லாரி டயரின் காற்றைப் போல் இருநூறு மடங்கு. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு மணல் துகள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியாக இல்லாத கேனில் தண்ணீர் இறங்காமல் இருக்குமா? உங்கள் டிசையருக்கும் இது பொருந்தும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வடித்துவிடச் சொல்லுங்கள்.

மழை என்றதும் டீசல்காரர்களுக்கு ஒரு வீரம் வரும். ஸ்பார்க் பிளக் இல்லை, நனைந்தாலும் நிற்காது என்று முழங்கால் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். நிற்காது என்பதுதான் வினை. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தால், காற்றை நசுக்குவதுபோல் தண்ணீரை நசுக்க முடியாது. பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது என்றால் டீசல் பதினாறில் ஒரு பங்காக அமுக்குகிறது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைவதற்கு ஒரு சுற்றுப் போதும். தண்ணீரில் நின்றுபோன வண்டியில் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். சாதாரண இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு பாலிசியில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

டீசலை ஒரேயடியாகத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கும்பகோணத்திலிருந்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிக் காட்டும் வாடகை வண்டிக்காரர் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் டீசல் என்பேன். திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு, திருவெண்காடு என்று அந்த வண்டி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நன்றாகச் சூடாகித்தான் வீடு திரும்பும். தினமும் திருச்சி போய்வரும் வியாபாரிக்கும் அப்படித்தான். ஆள் ஏறிய வண்டியில் டீசலின் இழுவை தனிச் சுகம். ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசலுக்கு 250 நியூட்டன் மீட்டர், டர்போ இல்லாத அதே அளவு பெட்ரோலுக்கு 144. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இந்த எண்ணின் அர்த்தம் காலுக்குத் தெரியும். ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி நீண்ட ஓட்டம் என்றால் டீசல் தன் விலையை மீட்டுக் கொடுத்துவிடும்.

உங்கள் மகன் சொல்லும் பெட்ரோலிலும் குறை உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் அதே அளவு பெட்ரோலில் உள்ள சக்தியின் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் சிறிது குறையும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஆகையால் மாதக்கணக்கில் வண்டியைக் கொட்டகையில் சும்மா போடக்கூடாது. நீங்கள் தினமும் எடுப்பவர் என்பதால் கவலையில்லை. வாங்கியே தீர வேண்டும் என்றால் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால் வாங்க வேண்டிய அவசரம் என்ன? உங்கள் வண்டியில் இருப்பது 1,248 சிசி ஃபியட் இன்ஜின். டாடா வண்டிகளிலும் அதுவே வந்ததால் உதிரிப் பாகத்துக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் இங்கே பஞ்சமில்லை. டி.பி.எஃப். தொல்லை அதற்குக் கிடையாது. ஆர்.சி. 2029 வரை செல்லும். அப்புறம் தகுதிச் சான்று எடுத்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். சம்பா நடவு முடிந்ததும் இரண்டு நாள் பட்டறையில் விடுங்கள். கம்ப்ரஷன், இன்ஜெக்டர் ரிட்டர்ன், டர்போ ஆட்டம், கிளட்ச், ரேடியேட்டர் ஹோஸ் இவ்வளவையும் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது, நாற்பது ஆயிரம் செலவானாலும் புதிய வண்டியின் வரிக்கு அது பாதிகூட வராது. அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும், இன்ஜினுக்குள் வயரைக் கடிக்கும். அந்த மாதங்களில் இரவில் பானெட்டைத் திறந்து வைத்து நிறுத்துங்கள்.

கடைசியாக மைத்துனர் சொன்ன வண்டி. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் காரை ஓட்டக்கூடாது என்று 2015-லிருந்து நெருக்கடி. அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்பதால்தான் அங்கே விலைபோகாதவை லாரியில் ஏறி இங்கே வருகின்றன. அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, பழைய கடன் தீர்ந்ததற்கான கடிதம், இங்கே மறுபதிவு, வயதுக்கேற்ற ஆயுள் வரி எல்லாம் சேர்ந்தால் பாதி விலை முக்கால் விலையாகும். மைத்துனர் மனம் நோகக்கூடாது என்று பார்க்கப் போனால், முதல் நாளே சொல்லிவிட்டுப் போகாதீர்கள். விடிகாலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நின்று, அவர்கள் சூடேற்றி வைப்பதற்கு முன் நீங்களே சாவியைப் போடுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆயில் மூடியைத் திறந்ததும் குக்கர் போல் ஆவி அடித்தாலோ, டீ குடிக்கக்கூட நிற்காமல் திரும்பிவிடுங்கள்.