நெப்போலியன் காலப் படையின் சிறு வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, அவற்றை வைத்துப் போர் விளையாட ஆசை; எங்கே தொடங்குவது?

மொத்தப் படையையும் ஒரேயடியாக வாங்கிக் குவிக்காதீர்கள். 1815 வாட்டர்லூ போரின் பிரிட்டிஷ் காலாட்படை என்றால், 28 மி.மீ. அளவில் 24 வீரர் பொம்மைகள் முதலில் போதும். வார்ப்பு அச்சு பொம்மையில் விட்டுச்செல்லும் கோடுகளைக் கத்தியால் சுரண்டிவிட்டு, வண்ணம் ஒட்டிப் பிடிக்க பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள். அப்புறம் ஆறு ஆறு பேராக எடுத்து, ஆறு பேருக்கும் சிவப்புக் கோட், பிறகு சாம்பல் கால்சட்டை என்று நிறம் நிறமாகப் போங்கள்.

அழகே காலரிலும் கைமடிப்பிலும்தான் இருக்கிறது! அந்த நிறம்தான் எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு) என்று காட்டும்: 73ஆவதுக்குக் கரும்பச்சை, 33ஆவதுக்குச் சிவப்பேதான். மார்பின் குறுக்குப் பட்டைக்கு நேரே வெள்ளை வேண்டாம். முதலில் சாம்பல், அதன்மேல் சற்று ஒடுக்கமாக வெள்ளை. ஓரத்தில் மிஞ்சும் சாம்பலே நிழலாகிவிடும். முகத்துக்கு நேரம் கொடுங்கள். முதுகுப்பைக்கு ஒரு பூச்சு போதும். கடைசியில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) அவசியம், விளையாடும்போது விரல் பட்டே வண்ணம் தேயும்.