ஐ.ஆர்., என்.எல். யார்?

அன்புள்ள ஐயா,

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 1604 பதிப்பின் முகப்புப் பக்கத்தை இணையத்தில் பார்த்தேன். அடியில் ‘என்.எல்.லுக்காக ஐ.ஆர். அச்சிட்டது, ஃப்ளீட் தெருவில் செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தை ஒட்டிய அவர் கடையில் கிடைக்கும்’ என்று இருக்கிறது. இருவரில் யார் பதிப்பாளர்? அந்த ஒரு கடையில் மட்டும்தான் விற்றார்களா? இன்னொன்று: கிங் லியர் 1608 என்று இரண்டு வேறு முகப்புகள் கிடைக்கின்றன. எது அசல்?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அச்சிட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். அன்றைய அச்சில் ‘ஐ’, ‘ஜே’ இரண்டுக்கும் ஒரே பெரிய எழுத்துதான், அதனால் ஜேம்ஸ் ‘ஐ’ ஆகிவிட்டார். என்.எல். என்பது நிக்கோலஸ் லிங். ‘இன்னாருக்காக’ என்று யார் பெயர் வருகிறதோ அவர்தான் பணம் போட்டவர், இன்றைய பேச்சில் பதிப்பாளர். அச்சகக்காரர் கூலிக்கு வேலை செய்தவர், பல நேரம் அவர் பெயரே வராது. 1603இல் வந்த முதல் ஹாம்லெட்டை அச்சிட்டவர் வாலன்டைன் சிம்ஸ், முகப்பில் அவர் இல்லை.

கடை விலாசத்தை நம் புத்தகங்களில் வரும் ‘விற்பனை உரிமை’ போலப் படியுங்கள். புத்தகம் மற்ற கடைகளிலும் விற்றது. மொத்தமாக வாங்க வரும் கடைக்காரர்கள் எங்கே போக வேண்டும் என்பதற்குத்தான் அந்த வரி. கதவு எண் கிடையாது, கடைக்குக் கடை தொங்கும் பலகைச் சின்னம்தான் அடையாளம். வெள்ளை வேட்டைநாய், துருக்கியன் தலை என்றெல்லாம் வரும். எனக்கு இந்தப் பெயர்களுக்காகவே பழைய முகப்புகளைப் படிக்கப் பிடிக்கும்.

சரி, லியருக்கு வருவோம். இந்த வரி பொய்யும் சொல்லும். 1619இல் தாமஸ் பேவியர் என்ற பதிப்பாளருக்காக வில்லியம் ஜாகர்டின் அச்சகத்தில் பத்து நாடகங்கள் அச்சாயின. அவற்றில் சிலவற்றுக்கு 1600, 1608 என்று பழைய ஆண்டுகளைப் போட்டுவிட்டார்கள்; உங்கள் லியர்களில் ஒன்று அப்படி வந்ததுதான். 1619 மே மாதம், ஷேக்ஸ்பியர் இருந்த மன்னரின் நாடகக் குழுவுக்குச் சொந்தமான நாடகங்களை அவர்கள் சம்மதமில்லாமல் அச்சிடக்கூடாது என்று அரண்மனையிலிருந்து அச்சகக்காரர்கள், புத்தக வியாபாரிகள் சங்கத்துக்கு உத்தரவு போயிருந்தது. பழைய சரக்கு என்று காட்டத்தான் இந்த வேலை என்பதே பலரும் சொல்லும் காரணம். கிட்டத்தட்ட முந்நூறு வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1908இல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற ஆய்வாளர் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறிகளை, அதாவது தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளங்களை, பார்த்தார். வேறு வேறு ஆண்டு போட்ட நாடகங்கள் எல்லாம் ஒரே கொள்முதல் தாளில் இருந்தன! எட்டு வருடம் ஒரு கட்டுத் தாளைப் பூட்டி வைத்து எந்த அச்சகமும் பிழைப்பு நடத்தாது.

உங்கள் இரண்டு படங்களுக்கும் நீர்க்குறி தேவையில்லை. இரண்டிலும் ‘நதானியேல் பட்டருக்காக, 1608’ என்று இருக்கும். அசலில் மட்டும் அவருடைய கடை விலாசம் உண்டு: செயின்ட் பால் தேவாலய வளாகம், திட்டுத்திட்டாக நிறம் கொண்ட காளைச் சின்னம், செயின்ட் ஆஸ்டின் வாசல் அருகே. போலியில் பட்டரின் பெயர் இருக்கிறது, காளை இல்லை.