குலுக்கையும் கொள்கலனும்

அன்புள்ள ஐயா,

வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். தானியச் சேமிப்பு பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றை உழவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். அதில் 'பின்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நாம் குப்பைத்தொட்டிக்குத்தான் அப்படிச் சொல்கிறோம். அகராதியில் தொட்டி, பெட்டி, களஞ்சியம், குதிர் என்று நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் பின், பாக்ஸ், கிரேட், கேனிஸ்டர், டிரம் என்று எத்தனை சொற்கள்! நம்மிடம் அவ்வளவு இல்லையே என்று எல்லாவற்றுக்கும் 'கொள்கலன்' என்றே போட்டுவிட்டேன். சரிதானா? இணைச்சொற்கள் பட்டியல் ஒன்று தர முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாகவே 'பூசா பின்' என்ற தானியச் சேமிப்பு அமைப்பைப் பற்றித்தான் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையேட்டில் அது கட்டாயம் இருக்கும். அதனால்தான் மற்ற கடிதங்களை விட்டுவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

'நம்மிடம் அவ்வளவு இல்லையே' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதுவும் உசிலம்பட்டிக்காரர்! கம்பும் சோளமும் குலுக்கை என்னும் மண்குதிரில் கிடந்தன. விதைநெல்லை வைக்கோல் பிரியால் இறுக்கிக் கோட்டை கட்டினார்கள். புளி பானைக்குள், ஊறுகாய் ஜாடிக்குள், கருப்பட்டி ஓலைக்கொட்டானுக்குள். களத்திலிருந்து தானியம் சுமக்கக் கடகாப்பெட்டி. இவற்றில் எதையும் இன்னொன்றுக்குப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. ஊறுகாயைக் கொட்டானில் போட்டால் என்ன ஆகும்? ஏனத்துக்கு இணைச்சொல் கேட்பதே தப்பு. அதில் என்ன போடுவார்கள், எப்படிப் போடுவார்கள், எப்படி எடுப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

எப்படி எடுப்பார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலே.

பேரையூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பத்தா குலுக்கை செய்வதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். மண்ணில் வைக்கோலைத் துண்டு துண்டாகப் போட்டு, தண்ணீர் விட்டு மிதித்துப் புளிக்க வைப்பாள். பிறகு உறை உறையாக, வளையத்தின்மேல் வளையமாக எழுப்புவாள். ஓர் உறை காயாமல் அடுத்ததை ஏற்ற விடமாட்டாள். நாங்கள் அவசரப்படுத்தினால், "மண்ணு காயுற வேகத்துலதான்டா வேலை நடக்கும்" என்று அதட்டல் விழும். தரையின் ஈரம் ஏறாமல் இருக்கவும், எலி அடியில் குடையாமல் இருக்கவும் கீழே கற்கள் கொடுத்திருக்கும். உள்ளும் வெளியும் சாணி மெழுகல். மேலே வாய், அதன்மேல் மூடியை வைத்து மண்ணால் பூசிவிடுவார்கள். கீழே ஒரு சிறு துளை, துணி சுற்றிய அடைப்பு. எடுக்கவேண்டிய நாளில் அடைப்பை உருவிச் சுளகை ஏந்தினால் போதும், சோளம் சரசரவென்று இறங்கும்.

அந்தக் கீழ்த்துளையை நினைத்துப் பாருங்கள் தம்பி. மேலே கொட்டுவது புதுசு, அடைப்பை உருவியதும் முதலில் இறங்குவது துளையருகே அடியில் கிடந்த பழசு.  பானையிலோ டிரம்மிலோ மேலேயே போட்டு மேலேயே அள்ளுகிறோம். பழசு அடியில் கிடந்து வண்டு பிடிக்கிறது, அந்த வண்டு புதுசுக்கும் ஏறுகிறது. மேல்மூடியைத் திறந்து திறந்து மூடவும் வேண்டாம் என்பதால், மழைக்காலத்து ஈரக்காற்றும் அவ்வளவாக உள்ளே போகாது. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் மண்ணில் கட்டி வைத்த அறிவு இது. இதைத்தான் நீங்கள் 'கொள்கலன்' என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டீர்கள்.

இப்போது பூசா பின்னுக்கு வாருங்கள். பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமானதால் 1936இல் டெல்லிக்கு வந்தது. பழைய ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. அந்த நிறுவனம் வடிவமைத்ததுதான் பூசா பின். சுடாத மண்கல்லில் இரட்டைச் சுவர், சுவர்களுக்கு நடுவே ஈரம் புகாமல் இருக்கப் பாலிதீன் விரிப்பு, மேலே கொட்டும் வாய், கீழே எடுக்கும் குழாய். அப்பத்தா பார்த்திருந்தால் "நம்ம குலுக்கைக்குச் சட்டை போட்டிருக்காங்க" என்றிருப்பாள். அந்தப் பாலிதீன் நல்ல சேர்க்கை, அதைக் குறை சொல்லமாட்டேன். மண்சுவரின் பலவீனம் ஈரம்தான். ஆனால் 'பூசா சேமிப்புக் கொள்கலன்' என்று நீங்கள் எழுதினால் எழுமலைச் சந்தைக்கு வரும் அறுபது வயதுக்காரர் அதை அரசாங்கம் தரும் ஏதோ புதுச் சாமான் என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். 'நடுவில் பாலிதீன் வைத்துக் கட்டிய குலுக்கை' என்று எழுதுங்கள். அவரே உங்களுக்குப் பத்து யோசனை சொல்வார்.

தானியம் எவ்வளவு காய வேண்டும் என்பதும் அப்படித்தான். நெடுநாள் வைப்பதற்கு ஈரப்பதம் 12 சதவீதம் என்று கையேட்டில் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். கூடவே, பல்லில் வைத்துக் கடித்தால் 'கடுக்'கென்று முறிய வேண்டும் என்றும் எழுதுங்கள். ஈரமானி எல்லார் வீட்டிலும் கிடையாது.

ஆங்கிலச் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் 'பின்' என்றால் முதலில் குப்பைதான் நினைவுக்கு வரும்; அங்கேயே ரொட்டி வைக்கும் பெட்டியும் 'பின்', பண்ணையில் தானியம் கொட்டுவதும் 'பின்'. பழைய ஆங்கிலத்தில் மாட்டுத் தீவனத் தொட்டிக்கு அந்தப் பெயர் இருந்தது. நம் தாழி மட்டும் என்ன? வெண்ணெய் திரண்டு வரும்போது உடைந்ததும் தாழி, கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தோண்டி எடுத்த ஈமக்கலமும் தாழி. தக்காளி கிரேட் எல்லாருக்கும் கிரேட்தான், அப்படியே விடுங்கள். டிரம்மும் அப்படியே. குதிர் என்று எழுதினால் தப்பில்லை, பழமொழியால் எல்லாருக்கும் தெரியும். அப்பன் ஒளிந்துகொள்ளும் அளவு பெரியது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் நம் பக்கத்து உழவர்களுக்குக் குலுக்கைதான்.

இன்னொன்று. இந்தப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு உங்களைத் திட்டிப் பயனில்லை. விளைந்ததைக் களத்திலேயே எடைபோட்டு விற்றுவிடுகிறோம், சோற்றுக்கு ரேஷன் அரிசி வருகிறது, விதை கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. வீட்டில் தானியமே தங்காதபோது குலுக்கை யாருக்கு வேண்டும்? எங்கள் வீட்டுக் குலுக்கையை உடைத்து வாசலுக்கு மண் அடித்தார்கள். அப்பத்தா அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் ஊரில் குலுக்கை செய்த பெண்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். கீழ்த்துளை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், எதை வைத்து அடைத்தார்கள், நொச்சி இலை போட்டார்களா வேப்பிலையா என்று கேட்டு அதையும் சேருங்கள். சேர்த்தபின் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.