ஆயிரம் பதில் எதற்கு? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பகுதிநேரமாக மார்க்கெட்டிங் படிக்கிறேன். அம்மாவும் சித்தியும் அரைக்கும் மசாலாத் தூளை சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இரண்டு மளிகைக் கடைகளில் போட்டு விற்கிறோம். கொஞ்ச காலமாக இளையவர்கள் எங்கள் பாக்கெட்டை எடுப்பதில்லை. காரணம் தெரிந்துகொள்ள 30 கேள்விகள் கொண்ட கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, தீபாவளிக்குள் 1,000 பதில் வாங்கலாம் என்றிருக்கிறேன். பாடத்துக்கும் இதையே கொடுக்கவேண்டும். விரிவுரையாளர் "உன் ஆய்வு வடிவமைப்பு என்ன?" என்று கேட்கிறார். தேடலாய்வு, விவரிப்பாய்வு, காரண ஆய்வு என்று மூன்று வகை படித்திருக்கிறேன். எனக்கு எது பொருந்தும்?

ப., செங்காங்

அன்புள்ள ப.,

படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்தி வையுங்கள். பதில் வந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. வடிவமைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. லேபிளை மாற்றப்போகிறீர்களா, சின்ன பாக்கெட் போடப்போகிறீர்களா, விலையைக் குறைப்பீர்களா, வேறு கடைக்குப் போவீர்களா? பணம் போடுவது அம்மாவும் சித்தியும்தானே, அவர்களுடன் உட்கார்ந்து உங்களால் செய்ய முடிந்தவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "என்ன தெரியவந்தால் இதைச் செய்வோம்" என்றும் எழுதுங்கள். எந்தப் பதில் வந்தாலும் எதையும் மாற்றாத கேள்விகளை அடித்துவிடலாம். முப்பதில் பாதிக்கு மேல் போய்விடும் என்று நினைக்கிறேன்.

கோக்க-கோலா நிறுவனம் 1985-இல் புதிய கோக்கைக் கொண்டுவருவதற்கு முன் சுமார் 2 லட்சம் பேருக்கு ருசி பார்க்கக் கொடுத்தது. பெரும்பாலோர் புதியதே நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் நிறுவனம் எடுத்த முடிவு பழைய கோக்கையே கடையிலிருந்து எடுத்துவிடுவது. அது போய்விட்டால் மக்களுக்கு எப்படி இருக்கும் என்பது ருசிச் சோதனைக்குள் வராத விஷயம். ஏப்ரலில் புதியது வந்தது, எதிர்ப்பு தாங்காமல் 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கேட்டது ஒரு கேள்வி, எடுத்த முடிவு வேறொரு கேள்விக்கு உரியது. அங்கே ஆள் எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை.

உங்கள் ஆயிரமும் அப்படித்தான். வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்கள் உங்கள் குடும்பத்தை அறிந்தவர்கள், கோயில் தொண்டில் பழகியவர்கள், அம்மாவின் தோழிகள். மசாலா நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். வாங்குவதை நிறுத்திய இளைஞர் அந்தக் குழுவிலேயே இல்லை. எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், 385 பேரே 5 விழுக்காடு பிழைக்குள், 95 விழுக்காடு நம்பிக்கையுடன் (நூறு முறை இப்படிக் கேட்டால் சுமார் 95 முறை அந்தப் பிழைக்குள் நிற்கும்) ஒரு மதிப்பீட்டைத் தந்துவிடுவார்கள். அந்தப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குலுக்கலுக்குத்தான் பொருந்தும். ஒரே வட்டத்தில் எத்தனை பேரைக் கேட்டாலும் வட்டத்துக்கு வெளியே இருப்பவர் பற்றி எதுவும் தெரியாது.

சரி, மூன்று வகைக்கு வருவோம். தேடலாய்வு என்ன நடக்கிறது என்று துழாவிப் பார்ப்பது, விவரிப்பாய்வு எத்தனை பேர், எவ்வளவு என்று எண்ணிச் சொல்வது, காரண ஆய்வு எதனால் எது நடக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது. அவை ஒன்றுக்கொன்று போட்டியல்ல. உங்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் வேண்டும். நடுவில் இருப்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

தேடல் வீட்டிலேயே தொடங்கட்டும். இரண்டு கடைகளும் தரும் விற்பனைக் கணக்கைப் பாருங்கள். எந்தப் பொடி குறைந்தது, எந்த அளவு பாக்கெட் குறைந்தது, எப்போதிலிருந்து? இளையவர்கள்தான் குறைந்தார்கள் என்பது இப்போதைக்குக் கல்லாவில் நிற்பவரின் எண்ணம் மட்டுமே. அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2020-இல் சிங்கப்பூர் இந்தியரில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம், 27.9 விழுக்காட்டினர் தமிழ். 2010-இல் தமிழ் 36.7 விழுக்காடாக இருந்தது. உங்கள் லேபிளில் செய்முறை தமிழில் மட்டும் இருந்தால் சந்தேகப்பட இது போதும். ஆனால் இது சந்தேகம்தான், காரணம் அல்ல. அவசரமாக இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு இளம் குடும்பங்களிடம் பேசுங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருந்தால் நல்லது, மனத்தில் பட்டதைச் சொல்வார்கள். "எங்கள் மசாலாவை வாங்குவீர்களா?" என்று கேட்டால் முகதாட்சண்யத்துக்கு ஆமாம் என்பார்கள். "கடைசியாக வீட்டில் எப்போது கறி வைத்தீர்கள், எந்தப் பொடி போட்டீர்கள், அதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். பதில்களில் புதிதாக எதுவும் வராதபோது நிறுத்தலாம். ஒருவேளை அவர்கள் வீட்டில் சமைப்பதே வாரம் ஒருமுறைதான் என்று தெரியவந்தால் லேபிள் பேச்சே தேவையில்லை, சின்ன பாக்கெட்தான் முதலில்.

காரண ஆய்வுக்கு உங்களிடம் இரண்டு கடைகள் இருப்பது பெரிய வசதி. லேபிள்தான் என்று தோன்றினால் இருமொழி லேபிளை ஒரு கடையிலும் பழையதை மற்றதிலும் வையுங்கள். விலை, அடுக்கு, எடை மூன்றும் இரண்டு கடையிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து இடம் மாற்றுங்கள், முடிந்தால் இன்னொரு சுற்றும் போங்கள். மாற்றிப் போடாவிட்டால் லேபிளால் விற்றதா, அந்தக் கடைக்குக் கூட்டம் அதிகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாரங்களை முழு வாரமாகவே எடுங்கள். தேக்காவை ஒட்டிய சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு, செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வேறு.

இதே காரணத்தால் கடைச் சோதனையைத் தீபாவளிக்கு முன் வைக்கவேண்டாம். பண்டிகை நெருங்கினால் எல்லா மசாலாவும் ஏறும், முடிந்ததும் இறங்கும். அந்த ஏற்றத்தில் ஒரு லேபிளின் விளைவைத் தேடுவது வீண் வேலை. நேர்காணலை இப்போது முடித்துவிட்டு, கடைச் சோதனையைப் பண்டிகை ஓய்ந்து வழக்கமான விற்பனை திரும்பிய பிறகு வையுங்கள். பாடத்துக்கான கெடு அதற்கு முன் வருகிறது என்றால் விரிவுரையாளரிடம் இந்தத் திட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். நேர்காணலும் கடைச் சோதனைக்கான திட்டமும் சேர்ந்தே நல்ல சமர்ப்பிப்பு ஆகும்.

ஒன்று விட்டுப்போனது. உங்கள் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்டிருந்தால் உடனே நீக்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2019 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் அதைப் பொதுவாக வாங்கக்கூடாது. தொலைபேசி எண்ணையும், எதற்கு என்று சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே வாங்குங்கள். அந்த ஒரு பக்கத் தாளை எழுதியதும் எனக்கும் அனுப்பிவையுங்கள், படித்துக் குறிப்பு எழுதுகிறேன்.