புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷனா, கரண்டா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்கள்

இந்த இதழில் பதில் தருபவர்கள்: சிறுநீரகவியல் அறுவை மருத்துவரும், புற்றுநோய்க் கதிர்வீச்சு மருத்துவரும். ('கரண்ட்' என்று பேச்சில் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையைத்தான். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி.)

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி விடும் புரதத்தின் ரத்த அளவு) 8.4. பயாப்சியில் கிளீசன் (புற்று எவ்வளவு முரட்டுத்தனமானது என்று காட்டும் மதிப்பெண்) 3+4=7. நோய் சுரப்பியைத் தாண்டவில்லை என்று எம்.ஆர்.ஐ. சொல்கிறது. ஒரு டாக்டர் ரோபோ ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் கரண்ட் வைத்தாலே போதும் என்கிறார். அடுத்த வாரமே அட்மிட் ஆகச் சொல்வதால் வீட்டில் ஒரே பதற்றம். எதைத் தேர்ந்தெடுப்பது? — ஒரு மகள், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த 'அடுத்த வாரம்' வேண்டாம். இந்த நிலையில் இருக்கும் புராஸ்டேட் புற்று மெதுவாக நகர்வது. இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு முடிவு செய்தால் எதுவும் கைவிட்டுப் போகாது. எப்படியும் பயாப்சி ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டும் வீக்கமும் ஆற வேண்டும். அதற்காக நான்கு முதல் எட்டு வாரம் விட்டுத்தான் பல அறுவை மருத்துவர்கள் கத்தி எடுக்கிறார்கள்.

அந்த இடைவெளியில் மூன்று வேலைகளை முடியுங்கள். ஒன்று, பயாப்சி செய்த லேபில் இருந்து ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் வாங்கி, புற்றுநோய் ஸ்லைடுகளை தினமும் பார்க்கும் நோய்க்கூறு மருத்துவரிடம் மறுபடி படிக்கக் கொடுங்கள். முதல் எண் அதிகமாக இருக்கும் வகை, அடுத்தது அதற்குக் குறைவாக இருப்பது. 3-ஐவிட 4 முரட்டு வகை. 3+4, 4+3 இரண்டுமே கூட்டினால் 7தான், ஆனால் 4+3 கூடுதல் முரடு. கரண்டோடு, ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியும் வேண்டுமா என்பதே இதை வைத்து மாறும். எத்தனை துண்டுகளில் புற்று இருக்கிறது, அதில் 4-ஆம் வகை எத்தனை சதவீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அப்பா புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தாரா என்று அட்டையைப் பாருங்கள். ஃபினாஸ்டிரைடோ டுடாஸ்டிரைடோ கலந்த மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் காட்டும். அப்படியானால் அந்த 8.4 உண்மையில் 16, 17 என்று கணக்காகும், நோயின் தரவரிசையும் ஒரு படி ஏறிவிடும். பலருடைய ஃபைலில் இந்தத் தகவல் இருப்பதே இல்லை.

மூன்றாவது, அறுவை மருத்துவரையும் கதிர்வீச்சு மருத்துவரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவரிடம் மட்டும் போனால் அவர் கையில் இருக்கும் கருவிதான் பதிலாக வரும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். பிரிட்டனில் 50 முதல் 69 வயதுக்கு உட்பட்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்து நடத்திய ப்ரொடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-ல் வந்தது. மூன்று பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் இந்தப் புற்றால் இறக்கவில்லை. அதில் பெரும்பாலோர் ஆரம்ப நிலை நோயாளிகள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் அப்பாவும் ஏறக்குறைய அந்த வட்டத்தில்தான் இருக்கிறார். ஆகவே உயிரைக் காப்பது எது என்பதைவிட, எந்தத் தொந்தரவோடு அவரால் வாழ முடியும் என்பதுதான் இங்கே கேள்வி.

அதே ஆய்வில் அறுவை முடிந்து ஆறாம் மாதத்தில் 46 சதவீதம் பேர் சிறுநீர்க் கசிவுக்கு பேட் வைத்திருந்தார்கள். ஆறாம் ஆண்டில் அது 17. கதிர்வீச்சில் இந்த எண்கள் 5, 4. ஆண்மைக் குறைவு அறுவையில் உடனே தெரியும், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை மெல்ல மீளும். கதிர்வீச்சில் அது வருடங்கள் போகப் போக இறங்கும். மலத்தில் ரத்தம், அடிக்கடி மலம் போன்ற குடல் தொல்லை கதிர்வீச்சுக்கே உரியது.

ஏற்கெனவே நீர் சரியாகப் பிரியாமல் முக்குகிறவர், சுரப்பி மிகப் பெரிதாக இருப்பவர், குடல் அழற்சி நோய் உள்ளவர் ஆகியோருக்கு அறுவை பொருத்தம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், மயக்க மருந்து தாங்காதவர், கசிவை நினைத்தாலே கூசுகிறவர் ஆகியோருக்குக் கரண்ட். 'ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பினால் கரண்ட் வைக்கலாம், கரண்டுக்குப் பிறகு ஆபரேஷன் கஷ்டம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் அதை மட்டும் காட்டித் தள்ளுவது நியாயமில்லை. ஆபரேஷனும் செய்து கரண்டும் வைக்க நேர்ந்தால் இரண்டின் தொந்தரவும் சேர்ந்து வரும். 'எனக்கு அப்படி நேரும் வாய்ப்பு எவ்வளவு?' என்று நேராகக் கேளுங்கள்.

ரோபோ பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோவையும் வழக்கமான திறந்த அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ரத்தப்போக்கு ரோபோவில் குறைவு. கசிவும் ஆண்மையும் இரண்டு ஆண்டில் ஒன்றுபோலத்தான் இருந்தன. மெஷினின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதே அறுவை செய்கிறார் என்று கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதானால், அட்மிட் ஆவதற்கு முன்பே முன் அனுமதி வாங்கியாக வேண்டும்.

கேள்வி: எனக்கு 61 வயது. கிளீசன் 3+3=6, பி.எஸ்.ஏ. 5.9. 'ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டே இருப்போம்' என்கிறார் டாக்டர். புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா? ஊசி குத்தி எடுத்ததில் பரவியிருக்கும் என்றும் உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். — வாசகர், ஈரோடு

பதில்: டாக்டர் சொன்னது சரி. சும்மா இருக்கச் சொல்லவில்லை, கண்காணிக்கச் சொல்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஆண்டுக்கு ஒருமுறை மலவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தடவிப் பார்க்கும் பரிசோதனை, இதுவரை எடுக்கவில்லை என்றால் ஒரு எம்.ஆர்.ஐ., ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மறு பயாப்சி. இதில் தவறிப்போவது பெரும்பாலும் மறு பயாப்சிதான். 'பி.எஸ்.ஏ. ஏறவில்லையே' என்று தள்ளிப்போடுவார்கள். முதல் பயாப்சியில் ஊசி படாமல் தப்பிய 4-ஆம் வகை இருந்தால், அதைப் பிடிப்பதே இரண்டாவதுதான். பயாப்சி ஊசியால் புராஸ்டேட் புற்று பரவும் என்று கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: கணவருக்கு 63 வயது. ஆபரேஷன் என்று முடிவாகி ஐந்து வாரம் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்? — ஒரு மனைவி, நாகர்கோவில்

பதில்: இன்றே தொடங்க வேண்டியது இடுப்புத் தளப் பயிற்சி. காற்றுப் பிரிவதை அடக்க எந்தத் தசையை இறுக்குவோமோ அதை மட்டும் இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே நேரம் தளர்த்த வேண்டும். போகப் போகப் பத்து எண்ணும் வரை நீட்டலாம். ஒரு வேளைக்கு பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பெரும்பாலோர் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டு மூச்சையும் பிடிப்பார்கள், அதில் பயனில்லை. வயிற்றில் ஒரு கை வைத்துப் பார்த்தால் வயிறு அசையக் கூடாது. ஆபரேஷன் முடிந்து யூரின் டியூப் இருக்கும் நாட்களில் இந்தப் பயிற்சி வேண்டாம். டியூப் எடுத்த பிறகு மறுபடி தொடங்கலாம்.

மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினி இருக்கும்போது இவற்றால் ரத்தத்தில் அமிலம் ஏறும். அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு டியூபோடுதான் வருவார், வழக்கமாக ஏழு முதல் பதினான்கு நாள். டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி வையுங்கள், இழுபடக் கூடாது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். சிறுநீர் ரோஜா நிறத்தில் வந்தால் தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் போதும். இரண்டு மணி நேரம் பையில் ஒன்றுமே இறங்காமல் அடிவயிறு வலித்தால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். டியூப் தானாகக் கழன்றுவிட்டாலும் அங்கேதான் போக வேண்டும். தெருமுனை கிளினிக்கில் புது டியூப் போடச் சொல்லாதீர்கள். மூத்திரப்பையையும் குழாயையும் சேர்த்துத் தைத்த இடம் கிழிந்துவிடும்.

மலச்சிக்கல் வரவிடாதீர்கள், முக்கக் கூடாது, எனிமாவும் கூடாது. டியூப் எடுக்கும் நாளில் பெரியவர்களுக்கான பேட் இரண்டு மூன்றும், இறுக்கமான ஜட்டியும் எடுத்துப் போங்கள். வேட்டிக்குள் பேட் நிற்காது. அன்று கசியத்தான் செய்யும்.

கேள்வி: கரண்ட் வைக்கப் போன முதல் நாளே மெஷினில் படுக்க வைத்துவிட்டு, 'வயிற்றில் காற்று இருக்கிறது, மூத்திரப்பையும் நிறையவில்லை' என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படியே மூன்று முறை நடந்தது. என்னதான் செய்வது? — வாசகர், விழுப்புரம்

பதில்: அனுப்பியவர்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்தார்கள். புராஸ்டேட்டுக்குப் பின்னால் மலக்குடல், மேலே மூத்திரப்பை. மலக்குடலில் காற்று சேர்ந்தால் அது சுரப்பியைச் சில மில்லிமீட்டர் முன்னே தள்ளும். கதிர் குறி வைத்த இடத்தில் அப்போது மலக்குடலின் சுவர் வந்து நிற்கும். பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதியும் சிறுகுடலும் மேலே ஏறிக் கதிரிலிருந்து விலகிவிடும்.

வழக்கமான முறை: மலமும் சிறுநீரும் முழுதாகக் கழித்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் 400 முதல் 500 மில்லி தண்ணீர் குடித்து, 30 முதல் 45 நிமிடம் காத்திருப்பது. உங்கள் மையத்தில் சொன்ன அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கதிரைத் திட்டமிட முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்த அன்று இருந்த நிலையே தினமும் வேண்டும். விழுப்புரத்திலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்து அரை லிட்டர் குடித்தால், வறண்ட உடம்பு அதை முழுக்க உறிஞ்சிக்கொள்ளும், பைக்கு வந்து சேராது. முந்தின நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடித்து வாருங்கள். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதற்கு நேர்மாறாக முன்னதாகவே நிறைந்துவிடும். அதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

கொண்டைக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ், சோடா கரண்ட் வைக்கும் வாரங்களில் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடங்கள். காலையில் மலம் போகவில்லை என்றால் மையத்தில் கேட்டு லேசான பேதி மருந்து வாங்கிக்கொள்ளலாம். தோலில் போட்ட குறிகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

நான்கு வாரத்தில் 20 முறையாக 60 கிரே (கதிர் அளவின் அலகு) என்பது இப்போது பரவலான அளவு. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நீர்க்கடுப்பும் இரவில் அடிக்கடி எழுவதும் வரும். சிறுநீர் எளிதாகப் பிரியச் செய்யும் டாம்சுலோசின் மாத்திரை உதவும். முடிந்த பிறகு சில வாரங்களில் இவை தணியும். ஓரிரு ஆண்டு கழித்து மலத்தில் ரத்தம் தெரிந்து குடல் ஸ்கோப்பி செய்ய நேர்ந்தால், கரண்ட் வைத்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில் பயாப்சி எடுத்தால் ஆறாத புண்ணாகி ஓட்டையே விழக்கூடும்.

கேள்வி: தாத்தாவுக்கு 74 வயது. முதுகெலும்பில் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியா, விதைகளை எடுத்துவிடுவதா என்று கேட்கிறார்கள். — ஒரு பேரன், சிவகங்கை

பதில்: புராஸ்டேட் புற்றை வளர்ப்பது விதைகள் (விரைகள்) சுரக்கும் ஆண் ஹார்மோன். ஊசியும் ஆபரேஷனும் அதை நிறுத்தத்தான். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம். விதைகளை எடுப்பது சிறிய ஆபரேஷன், இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக வைத்தே செய்யலாம், ஆண் ஹார்மோன் ஒரு நாளில் விழுந்துவிடும். திரும்பத் திரும்பச் செலவில்லை, தேதி தவறும் பயமும் இல்லை. மீட்க முடியாது என்பதும் மனத்தடையும்தான் எதிர்ப்பக்கம். அதைத் தாத்தாதான் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசி என்றால் ஒரு எச்சரிக்கை. முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் இறங்குவதற்கு முன் ஏறும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அந்த வேகத்தில் தண்டுவடம் நசுங்கக்கூடும். அதனால் ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலுடமைடு மாத்திரையை முன்பே தொடங்கிய பிறகுதான் ஊசி போட வேண்டும். கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, நீர் நின்றுபோனாலோ அன்றைக்கே மருத்துவமனை, விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

ஊசியோடோ ஆபரேஷனோடோ நிற்காமல் அபிராட்டிரோன் போன்ற மாத்திரையும் சேர்ப்பது இன்றைய வழக்கம். 1000 மில்லிகிராம் அளவு என்றால் வெறும் வயிற்றில்தான். சாப்பாட்டோடு சாப்பிட்டால் மருந்து பல மடங்கு ரத்தத்தில் ஏறிவிடும். சில மையங்களில் செலவைக் குறைக்க 250 மில்லிகிராமை வேண்டுமென்றே உணவோடு தருகிறார்கள். சீட்டில் எது எழுதியிருக்கிறதோ அதன்படி, கலக்காமல் கொடுங்கள். கூடவே வரும் பிரட்னிசலோனை 'ஸ்டீராய்டு ஆயிற்றே' என்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் விழும், கால் வீங்கும். எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஊசி போடுவதானால் முதலில் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிப் புண் ஆறட்டும். இல்லாவிட்டால் தாடை எலும்பு அரிக்கும்.

கேள்வி: கரண்ட் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 0.6 வரை இறங்கிய பி.எஸ்.ஏ. இப்போது 1.3. திரும்பி வந்துவிட்டதா? — வாசகர், பெங்களூரு

பதில்: இந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சுரப்பியை எடுத்துவிட்டவருக்குத்தான் 0.2 என்பதே கவலை. உங்களுக்கு சுரப்பி உள்ளேயே இருக்கிறது. கீழே தொட்ட அளவுக்கு மேல் 2 கூடினால், அதாவது 2.6-ஐத் தொட்டால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. முதல் இரண்டு மூன்று ஆண்டில் இப்படி ஏறி, தானாகவே இறங்குவது உண்டு. ஹார்மோன் ஊசியும் போட்டிருந்தீர்கள் என்றால், அது முடிந்து ஆண் ஹார்மோன் திரும்பும்போதும் பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறும். மூன்று மாதம் கழித்து, அதே லேபில், டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்துப் பாருங்கள். நீர்க்கடுப்போ காய்ச்சலோ இருக்கும்போது எடுக்க வேண்டாம்.