எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் சரக்கு விமானப் பராமரிப்பில் பயிற்சி பெற்று வருகிறான். நடுவானில் எஞ்சின் பழுதான செய்திகளில் ‘பராமரிப்புக் குறைபாடு’ என்று எழுதுகிறார்களே, தவறு உண்மையில் எங்கே நேர்கிறது?
– வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: ஓர் எஞ்சின் நின்றதாலேயே விமானம் விழுந்துவிடாது. பாயான் லெப்பாஸிலும் சிப்பாங்கிலும் வந்து இறங்கும் இரட்டை எஞ்சின் சரக்கு ஜெட் விமானங்கள், ஓடுதளத்தில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஓர் எஞ்சினை இழந்தாலும் மற்றதைக் கொண்டு மேலெழும்ப வல்லவை. விமானிகளும் அதைச் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள். ஒரே தவறு எல்லா எஞ்சின்களிலும் ஒருசேர நேரும்போதும், எஞ்சின் இறக்கையிலிருந்தே பிய்த்துக்கொண்டு போகும்போதும்தான் நிலைமை கைமீறுகிறது.

முதல் வகைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பயணிகள் விமானம்தான் என்றாலும், பாடம் உங்கள் மகனுக்கும் பொருந்தும். 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவு நாட்டின் நசாவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் மூன்று எஞ்சின் விமானத்தில், எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள் கலந்திருக்கிறதா எனக் காட்டும் ‘சிப் டிடெக்டர்’ என்னும் சிறு பாகத்தை முந்தைய இரவு மாற்றியிருந்தார்கள். வழக்கமாகக் கைக்கு வரும் பாகங்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் முன்பே மாட்டப்பட்டிருக்கும். அன்று கிடங்கிலிருந்து வந்தவற்றில் அவை இல்லை. புதிய வளையம் மாட்ட வேண்டும் என்று வேலைச்சீட்டில் எழுதியிருந்தும், பார்க்காமலே கையொப்பமிட்டு விட்டார்கள். கசிவு உண்டா என்று அறிய எஞ்சினைச் சுழற்றிய சில நொடிகள் போதவில்லை. வானில் முதலில் நடு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் இறங்கியது; அதை அணைத்துவிட்டு மயாமிக்குத் திரும்பும் வழியில் மற்ற இரண்டின் அளவுகளும் விழுந்தன. மூன்றும் ஒரே நேரத்தில் கெடுமா என்று எண்ணிய விமானிகள், அளவுமானிகளைத்தான் முதலில் சந்தேகித்தார்கள் (யாராக இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்). இரண்டும் நின்றுபோய் விமானம் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, அணைத்து வைத்திருந்த நடு எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்து இறங்கியதால் 172 பேரும் பிழைத்தார்கள். கடல் கடந்து நெடுந்தொலைவு செல்லும் இரட்டை எஞ்சின் விமானங்களில், இரண்டு எஞ்சின்களிலும் ஒரே பணியை ஒரே ஆள் ஒரே வேளையில் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி இத்தகைய தவறுகளுக்காகவே இருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லி அதைத் தளர்த்தும் மேற்பார்வையாளர் வாய்த்தால், உங்கள் மகன் தயங்காமல் மறுப்பதே சரி.

இரண்டாம் வகைக்கு, 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் குடியிருப்பின் மேல் விழுந்த இஸ்ரேலின் எல் ஆல் நிறுவனத்துப் போயிங் 747 சரக்கு விமானம் சான்று. எஞ்சினைத் தாங்கும் ஊசியில் உலோகச் சோர்வால் (திரும்பத் திரும்ப விழும் பளுவால் உலோகம் வலுவிழப்பதால்) விரிசல் கண்டு, கழன்ற எஞ்சின் பக்கத்து எஞ்சினையும் இடித்துத் தள்ளியது. 43 பேர் இறந்தனர்.

கேள்வி: பழைய பயணிகள் விமானங்களைத்தான் சரக்குக்கு மாற்றுகிறார்களாமே, அவற்றைக் கவனிப்பதும் அரைகுறைதானா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாற்றுவது உண்மை, கவனிப்பு அரைகுறை என்பது உண்மையன்று. பராமரிப்புத் தவணைகள் இரண்டு வகை விமானங்களுக்கும் உண்டு. உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிடாமல் எதுவும் பறக்க முடியாது. ஆனால் 2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில்லில் புறப்படும்போதே இடது எஞ்சின் பிய்ந்து விழுந்த யூபிஎஸ் நிறுவனத்தின் எம்டி-11 சரக்கு விமானம், 1991இல் தாய் ஏர்வேஸுக்குப் பயணிகள் விமானமாக வந்தது. எஞ்சின் தாங்கியில் உலோகச் சோர்வு விரிசல்கள் காணப்பட்டன. அந்தப் பாகத்துக்குரிய சிறப்புச் சோதனையின் தவணையோ அப்போது வந்திருக்கவே இல்லை. எனவே, தவணை தவறினார்களா என்பதோடு, அந்தத் தவணையை எந்தக் கணக்கில் வகுத்தார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. விபத்துக்குப் பின் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எம்டி-11 விமானங்கள் அனைத்தையும் சோதனை முடியும்வரை தரையிலேயே நிறுத்தி வைத்தது.